தம்புச் செட்டித் தெருவில் எங்களை யாரும் கூப்பிடவில்லை

சென்னைப் பட்டணம்,
ரயிலடிச் சத்திரம்,
யுவ வருடம் ஆனி மாதம் 1-ந் தேதி, சனிக்கிழமை மாலை.

பேளுக்குறிச்சியில் இருக்கும் என் தாய்மாமன், பெருமதிப்புக்குரிய சாமியப்பன் அவர்களின் பாதங்களுக்கு, குண்டூர் நாட்டுச் செங்கோடன் மகள் சின்னாத்தாள் வணங்கி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். க்ஷேமம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் பொய் எழுதக் கை வரவில்லை. அங்கே நீங்களும் ராமாயி அத்தையும் கறவை மாடும் க்ஷேமமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தைக்கு இதை வாசித்துக் காட்டும்போது அழுகை வரும் இடங்களைத் தாண்டிவிடவும். தாண்டினால் மிச்சம் அதிகம் இராது.

மாமா, எல்லாம் போய்விட்டது. மலைநாட்டுப் பெண்களுக்கென்று தரும சபையார் இந்தப் பட்டணத்து விடுதிப் பள்ளியில் ஒதுக்கிய இலவச இடத்துக்கு, இன்று பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் தம்புச் செட்டித் தெரு ஆபீஸுக்குத் தகப்பனாரோடு நேரில் வரவேண்டும் என்று வந்த காகிதத்தை நீங்கள்தான் மூன்று தரம் வாசித்து எனக்கு வெல்லம் கொடுத்தீர்கள். இடம் கிடைக்காவிட்டால் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி என்னைத் தினைக்காட்டில் கிளி ஓட்ட வைப்பதாக அப்பா ஊர்க்கூட்டத்தில் வாக்குக் கொடுத்ததும் உங்களுக்குத் தெரியும். இனிமேல் கிளிகளுக்கு நல்ல காலம். நான் கல் எறிந்தால் எதன் மேலும் படாது.

காலை எட்டு மணிக்கே புறப்பட்டோம். ஒன்றரை மைல்தான் வழி. டிராம் ஏறலாம் என்றேன். "மலையவே எறங்கி வந்த காலு, சமதரையில வண்டி ஏறுனா சிரிக்கும் கண்ணு" என்றார் அப்பா. அது போகட்டும். நம் மலைப் பாதையில் எதிரே வருகிறவரை ஊரும் பயணமும் விசாரிக்காமல் தாண்டினால் பகை என்று அர்த்தம் அல்லவா? அதே மரியாதையை அப்பா இங்கேயும் தொடங்கிவிட்டார். முதலில் வந்தவர் குடை வைத்திருந்த ஒரு குமாஸ்தா. "ஏனுங்க, எந்த ஊருங்க? எங்க பயணமுங்க?" என்றார் அப்பா. அவர் தம் சட்டைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு ஓடினார். இரண்டாமவர் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டார். மூன்றாமவர், "யோவ், சாவுகிராக்கி, வழிய வுடுய்யா!" என்றார். அப்பாவுக்கு மனம் மிகவும் நொந்துவிட்டது. "பாவம், எல்லாத்துக்கும் ஊட்டுல ஏதோ சண்டையாட்டம் இருக்குது" என்று சொல்லி, நாலாமவரை இன்னும் அன்பாக விசாரித்தார். இந்தப் பட்டணத்தில் ஆறரை லட்சம் ஜனங்கள் என்று எங்கள் பூகோளப் புத்தகத்தில் இருக்கிறது. ஆளுக்கு அரை நிமிஷம் என்றால் இருநூற்று இருபத்தைந்து நாள் ஆகும், தூக்கம் சேர்க்காமல். இதை நான் நடந்துகொண்டே மனக்கணக்காகப் போட்டேன்; போட்டதும் அழுகை வந்தது.

பாரீஸ் முனையில் நாலு அடுக்கு, ஐந்து அடுக்கு என்று கட்டடங்கள். வாசல்தோறும் பித்தளைப் பலகை. எல்லாவற்றையும் வாசிக்க ஆசைப்பட்டு நான் அண்ணாந்துகொண்டே நடந்ததில் கைவண்டியில் ஒரு முறையும், ஒரு நீதிமன்றச் சேவகர் மேல் ஒரு முறையும் மோதினேன். ஜனக்கூட்டத்தை எறும்புக்கு ஒப்பிடுவார்கள். அது தவறு, மாமா. எறும்பாவது எதிரே வரும் எறும்போடு ஒரு நிமிஷம் நின்று பேசும்.

அப்புறம் பலாப்பழம். வெறுங்கையோடு போகக்கூடாது என்று அப்பா மலையிலிருந்து சுமந்து வந்தாரே, அதேதான். வியாபாரிகள் நிறைந்த அந்த இடத்தில் தலையில் பழத்தோடு ஒருவர் எல்லோரையும் நிறுத்தி நிறுத்திப் பேசினால் என்ன நினைப்பார்கள்? ஐந்தாறு பேர் விலை கேட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். "விக்கறதுக்கு இல்லீங்க" என்று அப்பா சொல்லச் சொல்ல, கெட்டிக்கார ஆள் என்று விலையை ஏற்றினார்கள். அவர்களுக்குத் திரும்பித் திரும்பிக் கும்பிட்டதில் பழம் நழுவி டிராம் தண்டவாளத்தின்மேல் விழுந்து பிளந்தது. டிராம் நின்றது. பிளந்த பழத்தைப் பங்கு போடாமல் போவது பாவம் என்று அப்பா தண்டவாளத்திலேயே குந்திவிட்டார். வண்டியிலிருந்தவர்கள் எல்லோரும் இறங்கிச் சாப்பிட்டார்கள். கண்டக்டர் தம் சம்சாரத்துக்கு நாலு சுளை கேட்டு வாங்கிக்கொண்டார். பட்டணம் வந்து அப்பா சந்தோஷமாக இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான். நான் டிராமின் நிழலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் வழி தவறினோம். தெருக்களெல்லாம் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போல ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஒரே மாதிரி இருக்கின்றன. மலையில் வழி தவறினால் மேட்டைப் பார்த்துத் திசை கண்டுகொள்ளலாம். இங்கே மேடே கிடையாது.

இவ்வளவுக்கும் பிறகு, மாமா, நாங்கள் பதினொன்றே காலுக்கே ஆபீஸ் வாசலை அடைந்துவிட்டோம்! இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, வாசற்படிக்கு ஓரமாக அப்பா துண்டை விரித்து உட்கார்ந்தார், வீட்டுக்காரர் வெளியே வந்து "வாங்க" என்று சொல்லட்டும் என்று. ஆட்கள் போனார்கள், வந்தார்கள். எங்களை யாரும் கூப்பிடவில்லை. அப்பா இரண்டு தரம் இருமிக் காட்டினார்.

"வரச் சொல்லித்தான் காகிதம் அனுப்பியிருக்கிறார்களே, அப்பா" என்றேன்.

"காயிதம் கூப்பிட்டா ஆச்சா? வாய் கூப்பிடோணும். கூப்பிடாத ஊட்டுக்குள்ள தலைய உடறது ஆடுதான் கண்ணு."

என் வயதுப் பெண் ஒருத்தி, ரிப்பன் கட்டியவள், தன் தகப்பனாரோடு நேரே உள்ளே போனாள். "பாவம், வளத்தது செரியில்ல" என்றார் அப்பா. எட்டாம் வகுப்புத் தேறிய நானும் எழுந்து போகவில்லை. அப்பாமேல் மட்டும் பழி போட எனக்கு யோக்கியதை இல்லை.

ஒரு மணிக்கு ஆபீஸ் சேவகர் கதவைச் சாத்த வந்தார். "இன்னா பெரியவரே, அப்போலேர்ந்து குந்திக்கினு கீறீங்க. உள்ளே வர்றதுதானே?"

"யாரும் கூப்பிடலீங்களே."

"இது ஆபீஸுய்யா, கல்யாண ஊடா?"

"கல்யாண ஊடா இருந்தா பாக்கு வெச்சு அழைச்சிருப்பீங்களே" என்றார் அப்பா, மிகவும் பணிவாக.

சேவகர் கதவைச் சாத்திக்கொண்டே, எல்லாம் முடிந்தது, சபைத் தலைவியம்மாளும் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டார் என்றார். திரும்பி வரும்போது அப்பா ஒருவரையும் விசாரிக்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

ஆகையால் என் புத்தகங்களை உங்கள் பக்கத்து வீட்டு அத்தாயிக்குக் கொடுத்துவிடவும். படம் உள்ள பக்கங்களை அவள் கிழிக்காமல் இருக்கட்டும். எட்டுக்கை அம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவலை அவிழ்த்து விடவும். அதுவாவது பிழைக்கட்டும். நான் இனி மலையை விட்டு இறங்குவதாக இல்லை. உங்களுக்கும் அத்தைக்கும் என் நமஸ்காரம். கன்றுக்குட்டிக்கு என் முத்தம். அறப்பளீஸ்வரர் உங்களையாவது காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
படிப்பு முடிந்துபோன
செ. சின்னாத்தாள்

பி.கு.: திங்கட்கிழமை. நேற்றுத் தபால் இல்லாததால் கடிதம் என்னிடமே தங்கிவிட்டது. மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். இன்று காலை அப்பா குழாயடியில் குளிக்கப் போனபோது நான் தனியாகக் கிளம்பினேன். யாரையும் விசாரிக்கவில்லை, அரை மணியில் போய்விட்டேன். கதவைத் தள்ளினேன். உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்த சபைத் தலைவியம்மாள், "நீதான் சின்னாத்தாளா? சனிக்கிழமை உனக்காக ஒரு மணி வரைக்கும் காத்துக்கொண்டிருந்தோமே!" என்றார். "நானுந்தாங்க" என்றேன். மூன்று இடங்களுக்கு ஒரே ஒரு பெண்தான் வந்தாளாம். கணக்கு நாலு கேட்டு, ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, இடம் கொடுத்துவிட்டார்! சேவலை அவிழ்த்திருந்தால் உடனே பிடிக்கவும். அத்தாயியிடமிருந்து புத்தகங்களை வாங்கி அனுப்பவும்.

ரேகை வைக்க அப்பாவை ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். அந்த அம்மாளே வாசலுக்கு வந்து "வாங்க" என்ற பிறகு, காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ரேகை வைத்துவிட்டு, "ஏனுங்கம்மா, புள்ளைக்கு லீவு எப்பங்க உடுவீங்க?" என்று கேட்டார். நவராத்திரிக்கு என்றார்கள். அப்பா மை பட்ட விரலை மடக்கி மடக்கி எண்ணத் தொடங்கி, ஆவணி வரைக்கும் வந்து நிறுத்திவிட்டார். மிச்சத்தை நான் எண்ணிச் சொன்னேன். நூற்று ஐந்து நாள், மாமா.