வெட்டுக் கிளாக்கர் தணிக்கை செய்த காதல் நாவல்

வெள்ளைக்காரன் காலத்து உலக யுத்தத்தில் ஆளாளுக்கு ஒரு ஆயுதம் பிடித்தார்கள். ஒரேயொரு சவரப் பிளேட்டை வைத்துக்கொண்டு முழு யுத்தத்தையும் நடத்திய மனுசன் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் வெட்டுக் கிளாக்கர்.

திருகோணமலையில் கடிதத் தணிக்கைக் கந்தோரில் அவருக்குக் குமாஸ்தா வேலை. தபாலில் போகிற வருகிற கடிதங்களைப் பிரித்து, எதிரிக்கு உதவக்கூடிய சொல்லைப் பிளேட்டால் நறுக்கி எடுக்கவேண்டும். கலியாணமாகாத கிளாக்குமார் நாலைந்து பேர் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். நாற்பதைத் தாண்டிய அவர்தான் எங்களுக்குள் மூத்தவர். வேலையைக் கந்தோரோடு விட்டுவிட்டு வருகிற பழக்கம் மனுசனிடம் இல்லை. கிளிவெட்டியிலிருந்து என் அம்மா எழுதுவா, நல்ல மழை, வயலுக்குள் தண்ணீர் நிற்கிறது என்று. கந்தோரில் தப்பி வந்த அந்த மழையை இவர் வீட்டில் வைத்து வெட்டுவார். மழை யுத்த ரகசியமாம். வயலையாவது விடுங்கோ அண்ணை என்று கெஞ்சினேன். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எதிரி யோசிப்பானாம். வயலும் போயிற்று.

பாலையூற்றில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர் இருந்தா. அவவின் தம்பி எகிப்தில் பட்டாளத்தில் இருந்து எழுதிய கடிதத்தை இவர் வெட்டவேண்டி வந்தது. மனம் கேட்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய், வெட்டியதற்கு மன்னிப்புக் கேட்டார். எதை வெட்டினீர்கள் என்று ரீச்சர் கேட்க, அதைச் சொல்ல ஏலாது என்றாராம். அடுத்த கடிதத்துக்கும் போனார். அதற்கடுத்ததற்கும். இப்படியே இரண்டு வருசம். ரீச்சர் கொடுக்கிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சொல்லவேண்டியதைச் சொல்லாமல் திரும்பி வருவார். விசயம் எங்களுக்குச் சமைக்கிற குசினிக்காரனுக்குக்கூடத் தெரியும்.

ஒருநாள் ரீச்சர் ஒரு நாவலைக் கேட்டா. அந்தக் காலத்துக்கும் முப்பது வருசத்துக்கு முந்தியது. சீமையில் ஒரு துணிச்சல்காரி எழுதி, பாதிரிமார் திட்டித் திட்டியே நன்றாக விற்ற காதல் கதை. ரீச்சர் படிக்கிற காலத்தில் பாதி வாசிக்கும்போதே கன்னியர் மடத்து மதர் பறித்து அடுப்பில் போட்டுவிட்டாவாம். மிச்சப் பாதி தெரியாமல் இத்தனை வருசம் இருந்திருக்கிறா, பாவம். மாற்றலாகிப்போன கப்பல்கார அதிகாரி ஒருவரின் சாமானுக்குள் கிடந்த பிரதியை வெட்டுக் கிளாக்கர் எப்படியோ தேடிப் பிடித்தார்.

ஆனால் அப்படியே கொடுக்கலாமா? கௌரவமான பெண்பிள்ளை. கதிரையை யன்னலடிக்கு இழுத்துப்போட்டுப் பிளேட்டோடு உட்கார்ந்தார். முத்தம் வந்தால் வெட்டு. பெருமூச்சு வந்தால் வெட்டு. கதாநாயகியான சீமாட்டி கூந்தலை அவிழ்த்தால் அரைப்பக்கம் வெட்டு.

அங்கேதான் மனுசன் பிழைவிட்டார். வெட்டுவதற்கு வசதியாகத் தாளின் ஒரு பக்கத்தில்தான் கடிதம் எழுதவேண்டும் என்று அவருடைய கந்தோரில் உத்தரவு. கை அதற்குப் பழகிவிட்டது. புத்தகத்தில் இரண்டு பக்கமும் எழுத்திருக்கும் என்ற யோசனையே வரவில்லை. இந்தப் பக்கத்து முத்தத்தை வெட்ட, அந்தப் பக்கத்தில் சீமாட்டியின் புருசன் குதிரையால் விழுந்து செத்த சேதியும் சேர்ந்து போயிற்று. மூலக்கதையில் அவள் விதவையாகி, காதலனை முறைப்படி கலியாணம் செய்கிறாள். எங்கள் அண்ணையின் பதிப்பில் புருசன் உயிரோடு இருக்கும்போதே இன்னொருவனைக் கட்டுகிறாள். பாதிரிமார் இதைக் கண்டிருந்தால் அந்தத் துணிச்சல்காரியிடம் போய் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள்.

புத்தகம் பாலையூற்றுக்குப் போன அடுத்த கிழமை ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான். ஊர் கலைந்தது. பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். ரீச்சர் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் மட்டக்களப்புக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறா என்று கேள்விப்பட்டோம். அங்கே ஒரு தலைமையாசிரியரை அவவுக்கு மாப்பிள்ளையாகப் பேசி வைத்திருக்கிறார்களாம். அண்ணை, போய்க் கேளுங்கோ என்று நாங்கள் மாறி மாறிச் சொன்னோம். வாயால் கேட்கத் தைரியமில்லை என்றார். அப்படியென்றால் எழுதுங்கோ என்றேன்.

"எழுதினால் அது என்ரை மேசைக்குத்தான் தம்பி வரும். நானே வெட்டோணும்."

அந்த மனுசனை அடிக்கலாம்போல் இருந்தது.

புதன்கிழமை பின்னேரம் புத்தகம் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தவரின் காது சிவந்தது. வெட்டிய ஓட்டை ஒவ்வொன்றுக்கும் பின்னால் அளவாகத் தாள் ஒட்டி, அந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று ரீச்சர் தன் கையாலேயே தமிழில் எழுதி நிரப்பியிருந்தா.

"என்னண்ணை எழுதியிருக்கிறா?"

"முதல் இருந்ததே பரவாயில்லை," என்றார்.

பழக்கதோசத்தில் பிளேட்டை எடுத்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஓரிடத்திலும் வெட்டவில்லை. கடைசி ஓட்டைக்கு வந்ததும் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். குண்டு குண்டான ரீச்சர் எழுத்து.

"இந்த இடத்தில் அவன் வாய் திறந்து கேட்கிறான். வெள்ளிக்கிழமை பஸ் வருவதற்கு முன்னம் கேட்டால் அவள் ஓம் என்பாள்."

சைக்கிளை வெளியே எடுத்து, காற்று இருக்கிறதா என்று அமத்திப் பார்த்து, அவர் கையில் கொடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். ஒழுங்கை திரும்புகிற முடக்கில் ஒருதரம் விழுந்தார். எழும்பித் திரும்பியும் பார்க்காமல் போனார்.

பொழுது படுவதற்குள் வந்துவிட்டார். முழங்காலில் ரத்தம், முகமெல்லாம் சிரிப்பு. ரீச்சர் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போகமாட்டா என்பதை அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துகொண்டேன். "கேட்டிட்டன் தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டு, இத்தனை பெரிய மனுசன் வாசற்படியில் குந்தி விம்மி விம்மி அழுதார். நான் பக்கத்தில் இருந்து அவருடைய முழங்காலைக் கழுவிவிட்டேன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. அன்றைக்கு அந்தக் குறை தெரியவில்லை.