முதல் ஆளுக்கே வண்டி

காரை விற்பேன். ஆனால் ஏமாற மாட்டேன்.

பீங்கான் ஆலை வாசலில் பேசிய அதே குரலில்தான் இதை அறிவித்தேன். கூட்டம்தான் இல்லை. என் மனைவி பானுமதி மட்டும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஆலையை மூடியவர்கள் என்னை ஏமாற்றினார்கள். மேடையில் என்கூட நின்றவர்களும் ஏமாற்றினார்கள். இனி ஒருவனுக்கும் அந்த வாய்ப்பு கிடையாது. ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராகப் போன கார், இப்போது பூனைகளின் பிரசவ ஆஸ்பத்திரியாக வாசலில் நிற்கிறது. அதை விற்று என் போராட்ட வரலாற்றை அச்சடிக்க வேண்டும்.

“விக்காதீங்க. ஸ்ரீமுஷ்ணத்துல அக்கா வூட்டுக்கு பஸ்ஸுல நின்னுகிட்டே போயி முட்டி தேயுது. நான் ஓட்டக் கத்துக்கறேன்” என்றாள்.

“கார் ஓட்டறது கோலம் போடற மாதிரி இல்ல.”

அவள் கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாளிலிருந்து, கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டப் போவதாகச் சொல்லிக் காலையில் கிளம்பிவிடுவாள். எழுதிக் கொடுக்கும் மனுமீது எனக்கு மரியாதை உண்டு, அது சாமிக்கே போனாலும். எனவே தடுக்கவில்லை.

போனில் விளம்பரம் கொடுத்தேன். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர், வண்டியைப் பார்க்காமலே பணம் அனுப்புவாராம். அவர் அனுப்பும் கியூஆர் கட்டத்தை நான் ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை அழுத்த வேண்டுமாம். பணம் வாங்குகிறவன் எதற்கு எண்ணை அழுத்த வேண்டும்? அவருக்குச் சுரண்டல் பற்றி வகுப்பெடுத்தேன். பாதியிலேயே போனை வைத்துவிட்டார். இன்னொருவர் பணம் அனுப்பியதாகத் தன் போனைக் காட்டினார். வங்கியில் ஒன்றும் ஏறவில்லை. அடுத்தவர் தனியாக ஒரு ரவுண்டு போய் வருகிறேன் என்றார். போவார், வரமாட்டார்.

உடனே துண்டறிக்கை எழுதினேன். ஓட்டிப் பார்ப்பவர் ஆதார் அட்டையைக் கொடுத்துவிட்டு, உரிமையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்தே ஓட்ட வேண்டும். பணம் ஏறியதை பாஸ்புக்கில் பார்த்த பிறகே சாவி. வாங்குபவர் பெயர் எழுதாத உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்து இல்லை. இவண், பழமலைநாதன்.

பானுமதி படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்.

“இதெல்லாம் ஒத்துக்கிற மொத ஆளுக்கே வண்டி, மறுபேச்சு கெடையாதுன்னு கடைசியில போடுங்க. இல்லன்னா நம்பி யாரு வருவாங்க?”

என்னோடு வாழ்ந்ததில் கொஞ்சமாவது ஒட்டியிருக்கிறதே என்று பெருமைப்பட்டு, சேர்த்து அச்சடித்தேன்.

பக்கத்து வீட்டு முஸ்தபா, தன் மளிகைக் கடையில் அதை ஒட்டிக்கொண்டே சொன்னார்: “அண்ணே, இதப் படிச்சிட்டு வர்றவன் வண்டி கேக்க மாட்டான், ஜாமீன் கேப்பான்.”

இரண்டு மாதமாகியும் ஒருவரும் வரவில்லை. அதையும் வெற்றி என்றே அறிவித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை முஸ்தபா வந்தார். ஆள் கிடைத்துவிட்டதாம், எல்லா நிபந்தனைக்கும் சம்மதமாம். அவருக்குப் பின்னால் பானுமதி நின்றாள். ஒரு கையில் ஆதார். மறு கையில் டிரைவிங் லைசென்ஸ்.

“கொளஞ்சியப்பர் கோயிலு?” என்றேன்.

“போற வழியிலதான் டிரைவிங் ஸ்கூலு இருக்குது.”

பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டிச் சேர்த்த பணத்தை, நான் கேட்ட விலைப்படியே என் கணக்கில் கட்டியிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். முஸ்தபா துண்டறிக்கையின் கடைசி வரியில் விரலை வைத்தார். அச்சடித்த எதையும் நான் வாபஸ் வாங்கியதில்லை. வாங்கியவர்களைக் கண்டித்துத் தனித் துண்டறிக்கையே போட்டிருக்கிறேன்.

நிபந்தனைப்படி பக்கத்தில் உட்கார்ந்தேன். கடலூர் ரோட்டில் ஒரு லாரியை அவள் முந்தியபோது கதவைப் பிடித்துக்கொண்டேன்.

“அத வுடுங்க. ஏற்கெனவே லூஸு” என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வங்கியில் பாஸ்புக்கைப் பார்த்தேன். வாங்குபவர் பெயரை என் கண்ணெதிரே எழுதினாள். கையெழுத்துப் போட்டேன். சாவியைக் கொடுத்தேன். எந்த இடத்திலும் நான் ஏமாறவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன்.

மறுநாள் வேப்பூரில் ஆர்ப்பாட்டம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

“பானு, கார் சாவியக் குடு. போயிட்டு வந்துடறேன்.”

கீரையிலிருந்து நிமிராமலே கையை நீட்டினாள்.

“ஆதார் கார்டு?”