அரிதான பாவனைக்கு ஒரு பிரிண்டர்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கும், எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கம் போட்டோ பிரிண்டர் வாங்கியதற்கும் இடைப்பட்ட காலத்தில் உலகத்தில் குறிப்பிடத்தக்க எதுவும் நடக்கவில்லை என்பது என் ஆராய்ச்சி முடிவு. வேறு ஏதாவது நடந்ததாக யாராவது சொன்னால், அவர்கள் அந்தச் சங்கத்தின் செயலாளராக இருந்ததில்லை என்று அர்த்தம். நான் இருக்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹல்துமுல்லைக்கு மேலே, மேகம் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவர் காலமானால் முதலில் பெட்டி வேண்டும், அடுத்ததாகப் படம் வேண்டும். கண்ணாடி போட்ட படத்துக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, தலைமாட்டில் நிறுத்தாமல் யாரையும் எடுப்பதில்லை. படம் எல்லாருடைய போனிலும் இருக்கிறது. ஆனால் போனுக்கு மாலை போட முடியாதே. ஆகவே வீட்டில் ஒருவர் அழுகையை நிறுத்திவிட்டு, பஸ் பிடித்துப் பண்டாரவளை ஸ்டூடியோவுக்கு ஓட வேண்டும். மழைக் காலத்தில் மண் சரிந்து பாதை மூடினால் செத்தவரும் படத்துக்காகக் காத்துக் கிடப்பார். இந்தத் துயரைத் துடைக்கத்தான் எங்கள் தலைவர் சுரேஸ் அவர்கள் அவதரித்தார்.

தலைவர் தொலைநோக்கு உள்ளவர். பக்கத்தில் இருப்பது அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு ‘வீட்டுப் பாவனைப் போட்டோ பிரிண்டர்’ வாங்க வேண்டும் என்று அவரே பிரேரித்து, வேறு யாரும் கை தூக்குவதற்குள் அவரே வழிமொழிந்தார். வீட்டுப் பிரிண்டர் என்பதால் அது ஒரு வீட்டில்தான் இருக்க வேண்டும், தோட்டத்தில் கதவு ஒழுங்காகப் பூட்டுகிற வீடு தலைவருடையது, ஆகவே அங்கேயே இருக்கட்டும் என்பதும் அதே மூச்சில் தீர்மானமாயிற்று.

அடுத்த பிரச்சினை விஞ்ஞானபூர்வமானது. பொருளாளர் விதுஷா எங்கள் முன்பள்ளி ஆசிரியை. பிரிண்டர் வாங்குகிறவர்கள் அதை எவ்வளவு அடிக்கடி பாவிப்போம் என்று முதலில் யோசிக்க வேண்டும் என்பதை அவர் எங்கோ கேட்டு வைத்திருந்தார்.

“நம்ம தோட்டத்துல சாவு அடிக்கடி விழுமா, எப்பயாவதா?” என்று கேட்டார்.

உபதலைவர் முருகையா ஓய்வுபெற்ற கங்காணி. கண்ணை மூடி யோசித்தார். “அது சீசனப் பொறுத்தும்மா. மழைக்குக் கொஞ்சம் கூடும். குளவிக் கூடு கலைஞ்சா இன்னும் கூடும்.”

“சராசரியா சொல்லுங்களேன்.”

“சராசரி சொல்ற அளவுக்கு யாரும் ஒத்துழைக்கிறதில்லம்மா.”

“எப்பயாவதுன்னே போடுங்க,” என்றார் தலைவர். “நம்ம சனங்களக் கொறைச்சு மதிப்பிட வேணாம். லேசுல சாக மாட்டாங்க.”

‘அரிதான பாவனை’ என்று பதிந்துகொண்டேன். அப்படி ஓர் அழகான சொற்றொடரை எழுதக் கிடைத்தது என் பாக்கியம்.

பிரிண்டரைத் தெரிவுசெய்ய நிருவாகக் குழு முழுவதும் பதுளைக்குப் போனது. தலைவர் பெண் பார்க்கப் போகிறவர்போல் வெள்ளைச் சட்டை போட்டு, செண்ட் அடித்து வந்தார். கடைக்காரர் தாஸிம் முதலாளி பொறுமைசாலி. எங்கள் தேவையைக் கேட்டுவிட்டு ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

“எப்பயாவது ஒருக்காத்தான் அடிப்பீங்கன்னா இத எடுங்க. இதுல மை இல்ல, ரிபன். மாசக்கணக்கா அலுமாரில கெடந்தாலும் காயாது. எடுத்த ஒடன அடிக்கலாம்.”

தலைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “படம் எவ்வளவு பெருசா வரும்?”

“போஸ்ட்காட் அளவு.”

“மொதலாளி, நாங்க ஒரு சங்கம். ஒரு மனுசன போஸ்ட்காட்டுக்குள்ள அடக்குறது மரியாதையா? அந்தா இருக்கே பெருசு, அது என்னா?”

“அது ஆறு கலர் மை. படம் ஜோரா வரும். ஆனா கிழமைக்கு ஒருக்காவது ஓடணும். சும்மா கெடந்தா மை காஞ்சு தலை அடைச்சுரும். உங்கட வேலைக்கு அது சரிவராது.”

“யாரு தலை?”

“மெசின்ட தலை.”

சரிவராது என்று விற்கிறவரே சொல்லும் பொருளை வாங்குவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். தாஸிம் முதலாளி உதவி கேட்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் பெரிய பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த சிரிக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தின் இடத்தில் அவர் வேறொரு முகத்தைக் கண்டார் என்று நினைக்கிறேன். பெரியது வாங்கப்பட்டது.

ஊர் திரும்பியதும் தலைவர் தம் கைப்பட ஒரு சட்டம் எழுதினார். மையை வீணாக்கக் கூடாது. ஆகவே பிரிண்டர் இறந்தவர்களுக்கு மாத்திரம். உயிரோடிருப்பவர்கள் படம் கேட்டு வரக் கூடாது. உயிரோடிருப்பது ஒரு தகுதியே அல்ல என்பதை இவ்வளவு வெளிப்படையாக எழுதி வைத்த சங்கம் ஊவா மாகாணத்தில் வேறு இருக்க முடியாது. மற்றவர்கள் அதை எழுதாமலே பின்பற்றுகிறார்கள்.

சட்டம் வந்த கிழமையில் ஒருவரும் சாகவில்லை. மெசினோ ஓடியாக வேண்டும். யாருடைய முகத்தை ஓட்டுவது என்று அவசரக் கூட்டம் போட்டோம்.

“முன்பள்ளிப் பிள்ளைங்க படத்த அடிப்போமே,” என்றார் விதுஷா. “கிழமைக்கு ஒரு பிள்ளைன்னு அடிச்சா எல்லார் வீட்டுக்கும் ஒண்ணு கெடைக்கும்.”

“ஒரு பிள்ளைய அடிச்சா மத்தப் பிள்ளையோட அம்மா சண்டைக்கு வருவா,” என்றார் தலைவர். “பக்கச்சார்பு வந்துரும். பொதுவான மொகமா இருக்கணும்.”

பொதுவான முகம் என்று தேடிப் பார்த்தால் தோட்டத்தில் ஒன்றுதான் இருந்தது. அதைத் தலைவர் மிகுந்த தயக்கத்தோடு, சட்டைப் பையில் தயாராக இருந்த சீப்பால் தலை வாரிக்கொண்டு, சங்கத்துக்கு அர்ப்பணித்தார்.

இவ்வாறு ‘பராமரிப்புப் பிரதி’ என்ற திட்டம் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தலைவர் ஒரு முறை அச்சாவார். தேயிலைச் செடியைத் தடவும் தலைவர், தூரத்து மலையைப் பார்த்துச் சிந்திக்கும் தலைவர், போனில் யாருடனோ மக்கள் பிரச்சினை பேசும் தலைவர். போன் அணைந்திருந்தது படத்தில் தெரியாது. பிரதிகள் வீணாகக் கூடாதே என்று அவற்றை எல்லா இடத்திலும் மாட்டினோம். தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள் அவரைப் பார்த்தபடி பால் குடித்தன. பெரட்டுக்களத்தில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடத்திலே, மரச்சட்டம் போட்ட பெரிய படம் ஒன்று கும்பிட்டபடி நின்றது. மெசின் வந்த பிறகு தோட்டத்தில் ஒரு சாவும் விழவில்லை. அதையும் தலைவரின் சாதனையாகவே பதிந்தேன்.

இந்தப் பொற்காலத்தில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இராக்கம்மா தம் மகள் ஜீவராணியுடன் தலைவர் வீட்டுக்கு வந்தார். இராக்கம்மா இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறவர். ஜீவராணியின் இடுப்பில் அவளுடைய இரண்டு வயது மகள் கம்பளித் தொப்பியோடு இருந்தாள். உள்ளே நிருவாகக் குழு கூடியிருந்தது. மேசையில் பராமரிப்பு வேலை நடக்கவிருந்தது.

“நாளைக்கு நான் குவைத்துக்குப் போறேன்ங்க, வீட்டு வேலைக்கு,” என்றாள் ஜீவராணி. “பாப்பா படம் ஒண்ணு அடிச்சுத் தரணும். அங்க போனதும் போன வாங்கி வச்சிக்குவாங்களாம். போயிட்டு வந்தவங்க சொன்னாங்க. தாளுல இருந்தா பெட்டிக்குள்ள வச்சிப் பாத்துக்குவேன். நான் திரும்பி வர்றப்ப இவ வேற மொகத்தோட இருப்பா.”

கிழமை முழுவதும் கொட்டிய மழையில் பாதை சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது. திங்கள் காலை சரிவுக்கு அப்பால் ஏஜென்சி வேன் வந்து நிற்கும். நடந்து கடந்து ஏறினால் நேரே கொழும்பு, அங்கிருந்து விமானம். நடுவில் எந்த ஸ்டூடியோவிலும் அது நிற்காது. மலையில் படம் அடிக்கக்கூடிய பொருள் இந்த ஒன்றுதான்.

தலைவர் குழந்தையை உற்றுப் பார்த்தார்.

“பாப்பாவுக்கு ஒடம்புக்கு ஏதும் இல்லையே?”

“நல்லா இருக்கா, சாமி புண்ணியத்துல,” என்றார் இராக்கம்மா.

“காய்ச்சல், வயித்தால போறது?”

“ஒண்ணுமில்லீங்க.”

“அப்ப எப்படிக்கா?” என்று தலைவர் வருத்தத்தோடு கையை விரித்தார். “செத்தவங்களுக்குத்தான் படம் அடிக்கிறது. அது சட்டம்.”

முருகையாவுக்கு மனது கேட்கவில்லை. “குவைத்துக்குப் போறதையும் ஒரு மாதிரி அந்தக் கணக்குல சேக்கலாம்தானே?” என்றார்.

“போறது தாயி. படம் கேக்குறது பிள்ளைக்கு,” என்றார் தலைவர். “ஆளு மாறுது.”

அதற்குள் மெசின் உறுமியது. அன்றைய பிரதி, வானத்தை அண்ணாந்து பார்க்கும் தலைவர், நெற்றியிலிருந்து மெதுமெதுவாக வெளியே வந்தார். ஜீவராணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இந்தத் தாளுலேயே பாப்பாவ அடிச்சிருக்கலாம்ங்களே,” என்றாள். “மெசினுக்கு யாரு மொகம்னு தெரியவா போகுது?”

“மெசினுக்குத் தெரியாதும்மா. சட்டத்துக்குத் தெரியும்.”

எனக்கும் மனது கேட்கவில்லை. ஆனால் செயலாளரின் மனதுக்கு வாக்குரிமை கிடையாது. விடயத்தை ஆராய ஓர் உபகுழு அமைக்கலாம் என்றேன். அது அடுத்த மாதம் கூடும் என்றேன். விதுஷா என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

“போயிட்டு வாம்மா,” என்று தலைவர் ஜீவராணியை ஆசீர்வதித்தார். “ரெண்டு வருசம்தானே. வந்தோன பாப்போம்.”

இராக்கம்மா சுவரில் வரிசையாக இருந்த தலைவர்களை ஒரு முறை பார்த்தார். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஜீவராணி பெட்டியைத் தலையில் வைத்து, மண்சரிவில் கால் வைத்து வைத்துக் கடந்து போனாள். படத்துக்குப் பதிலாகப் பாப்பாவின் கம்பளித் தொப்பி பெட்டிக்குள் போனது என்று வழியனுப்பப் போனவர்கள் சொன்னார்கள். பாப்பா வெறுந்தலையோடு அந்தக் குளிரில் வேன் போன திசையைப் பார்த்துக் கத்தினாளாம். அதைக் கேட்டபோது பிரிண்டரைத் தூக்கிச் சரிவில் எறியலாமா என்று எனக்கு இருந்தது. அது சங்கத்தின் சொத்து என்பதால் விட்டுவிட்டேன்.

இராக்கம்மா பேத்தியைத் தூக்கிக்கொண்டு நேராகப் பெரட்டுக்களத்துக்கு வந்தார். ஆட்கள் எல்லாம் கூடி நிற்கும் நேரம். குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, கூடைக்குள்ளிருந்து ஒரு செவ்வந்தி மாலையை எடுத்தார். அதைக் கும்பிட்டபடி நிற்கும் தலைவர் படத்துக்குப் போட்டார். நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தார். கீழே கற்பூரம் கொளுத்தினார்.

படத்தில் மாலை விழுந்தால் எங்கள் சனங்களுக்கு யாரும் எதையும் விளக்கத் தேவையில்லை. ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டாள்.

அந்தச் சத்தம் கேட்டுத் தலைவர் ஓடி வந்தார்.

“யாரு போயிட்டது?” என்று பதறினார். பதற்றத்துக்குள் கொஞ்சம் மகிழ்ச்சியும் இருந்தது. பிரிண்டருக்கு முதல் வேலை வந்துவிட்டதல்லவா.

“நீங்கதாங்க,” என்றார் இராக்கம்மா.

“என்னாக்கா வெளையாடுறீங்க? நான் இந்தா நிக்கிறேனே.”

“செத்தவங்களுக்குத்தான் படம் அடிக்கிறதுன்னு சட்டம் எழுதுனது நீங்க. தோட்டம் பூரா ஒங்க படத்தத் தவிர வேற படமில்ல. எனக்குத்தான் வெளங்க நாளாயிருச்சு.”

“அது மெசின் காயாம இருக்க அடிச்சதுக்கா.”

“எம் மக நேத்து உசிரோட இருக்கிற ஒரு தலைவரத் தேடித்தாங்க வந்துச்சு,” என்றார் இராக்கம்மா. “அப்படி ஒருத்தரு இல்லாமத்தான் வெறுங்கையோட போயிருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தலைவர் தப்பித்திருப்பார். அவர் கூட்டத்தைப் பார்த்தார். அவிழ்த்த துண்டுகளை யாரும் திரும்பக் கட்டவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“செயலாளர், நீங்களாவது சொல்லுங்க. சங்கத்தோட நிலைப்பாடு என்ன?”

நான் என் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

“சங்கத்தின் சார்பில் ஆழ்ந்த அனுதாபங்கள், தலைவரே,” என்றேன்.