நன்னி அண்ணன் எழுந்தால் செருப்பைத் தேடலாம்

"…அப்புறம் இந்த ஃபேன். பாதிக் கூட்டத்துல நின்னு போச்சுன்னு எல்லாரும் அதைத் திட்டுனீங்க. மீதிப் பாதி நேரம் சுத்துச்சே, அதை யாராவது நெனச்சுப் பாத்தீங்களா? அதனால ஃபேனுக்கும் என்னோட நன்றி, கேட்டோ."

இப்படி மலையாளக் 'கேட்டோ' போட்டுப் பேசியவரை மட்டாஞ்சேரியில் நாங்கள் எல்லாரும் நன்னி அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நன்றிக்கு மலையாளத்தில் நன்னி. அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதாக எனக்குத் தெரியாது. கொச்சியில் அவரிடம் நன்றி வாங்காமல் தப்பித்த உயிர் ஏதாவது இருந்தால், அது நடுக்கடலில் ஆழமாகப் போய் ஒளிந்துகொண்ட மீனாகத்தான் இருக்க வேண்டும். வலையில் வந்த மீன்களுக்கெல்லாம் அவர் சொல்லி முடித்துவிட்டார். கும்பளங்கியிலிருந்து ஒருவர் வந்து மீன் வளர்ப்பைப் பற்றிப் பேசினாரே, அன்றைக்கு.

எங்கள் வாசகசாலை பஜாரில் ஒரு பழைய சுக்குக் கிடங்கின் மாடியில் இருக்கிறது. கீழே ஓரமாக என் தையல் கடை. படியேறிப் போனால் புத்தக வாசனைக்கு முன்னால் சுக்கு வாசனை வந்து மூக்கைப் பிடிக்கும். மேலே யார் எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் கூட்டத்தில் ஒருத்தரும் முழுதாகத் தூங்கிவிட முடியாது. நடுவில் ஒரு தும்மல் வந்து எழுப்பிவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் அங்கே தமிழ்க்காரர்களுக்கான கூட்டம். பிள்ளைகளுக்கு இல்லை, பெரியவர்களுக்கு. ஒரு வாரம் டாக்டர் வந்து ரத்தக் கொதிப்பைப் பற்றிச் சொல்வார். ஒரு வாரம் செல்போனில் கரண்ட் பில் கட்டுவது எப்படி என்று ஒரு பெண் வந்து காட்டிக்கொடுப்பாள். ஒரு வாரம் கதை வாசிப்பு. எல்லாவற்றுக்கும் முன்னால் கொஞ்ச நேரம் எழுத்து வகுப்பு. எங்களில் பலருக்குத் தமிழ் நாக்கில் இருக்கும், கையில் இருக்காது. பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். கார்ப்பரேஷனில் தெருக் கூட்டும் பேச்சியம்மா அந்த வகுப்புக்கு முதல் ஆளாக வந்து உட்காருவாள். ஏன் இந்த வயதில் என்று கேட்டதற்கு அவள் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "பேசத் தெரிஞ்ச பாஷைய வாசிக்கத் தெரியலைன்னா, சொந்த வீட்டை ஜன்னல் வழியா எட்டிப் பாக்கற மாதிரி இருக்கு, அக்கா."

ஏற்பாட்டுப் பொறுப்பு என் தலையில். எங்கள் ஊரில் நாலு பேர் கூடினாலும் அதற்கு வரவேற்பு உண்டு, தலைமை உண்டு, வாழ்த்து உண்டு, கடைசியில் நன்றியுரை உண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் ஆள் கிடைக்கும். நன்றியுரைக்கு மட்டும் கிடைக்காது. ஏனென்றால் நன்றி சொல்பவர் எழுந்தால் கூட்டமும் கூடவே எழுந்துவிடும். அவர் மைக்கைத் தட்டிப் பார்க்கும்போது பாதிப் பேர் வாசலில் குனிந்துகொண்டிருப்பார்கள். நன்றியுரை என்பது எங்களுக்குச் செருப்புத் தேடும் நேரம்.

அப்படிப்பட்ட வேலையை நன்னி அண்ணன் தானாக வந்து கேட்டு வாங்கினார். "அதை எங்கிட்ட குடு மோளே. யாரும் கேக்காத பேச்சு எனக்குப் பழக்கம்தான்" என்றார். அவர் குடிநீர்க் குழாயின் வால்வைத் திறந்து மூடுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தோளில் நீளமான சாவியோடு சைக்கிளில் போவார். அந்த உத்தியோகத்தை அவர் இரண்டே வரியில் சொல்லிவிடுவார்: "தண்ணி வந்தா தெய்வம் தந்தது. வரலைன்னா நான் அடைச்சது."

முதல் தடவை அவர் எழுந்தது சர்க்கரை வியாதிக் கூட்டத்தில். டாக்டருக்கு நன்றி சொன்னார். டாக்டரைக் கொண்டுவந்த ஆட்டோக்காரருக்குச் சொன்னார். அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். "அடுத்தபடியா இந்தச் சர்க்கரை வியாதிக்கு நன்றி" என்றார். "அது இல்லைன்னா இவ்வளவு பெரிய டாக்டர் நம்ம மாடிப் படி ஏறி வந்திருப்பாரா?" டாக்டர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு, கூட்டத்துக்கு வராதவர்களுக்கும் நன்றி சொன்னார். "அவங்களும் வந்திருந்தா நாற்காலி பத்தாது. வீட்டுல இருந்தே உதவி செஞ்சிருக்காங்க."

எங்கள் வாசகசாலையின் செக்ரட்டரி, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். எல்லாருக்கும் அவர் மாஷ். நல்ல மனுஷன், ஆனால் கைக்கடிகாரத்தோடு கல்யாணம் ஆனவர். நன்றியுரையில் ஆட்கள் எழுந்து போவதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. சாயாவையும் பழம்பொரியையும் நன்றியுரைக்குப் பிறகு வைத்தால் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒரு திட்டம் போட்டார். எல்லாரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். நன்னி அண்ணனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக முழுக் கூட்டம் கிடைத்தது. அதை அவர் சும்மா விடுவாரா? சாயா போட்டவரில் தொடங்கி, பால் கறந்தவருக்குப் போய், பசுவுக்கு வந்து, அங்கிருந்து புல்லுக்கு இறங்கினார். மாஷ் பின்னாலிருந்து "மதி அண்ணா, மதி" என்று, போதும் என்பதற்குக் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். சாயா ஆறி ஆடை கட்டிவிட்டது. ஆறின சாயாவைக் குடித்தபடி பேச்சியம்மா சொன்னாள்: "இவர் நன்றி சொன்ன மாட்டுக்குக்கூட இந்நேரம் தூக்கம் வந்திருக்கும்."

எர்ணாகுளத்திலிருந்து ஒரு எழுத்தாளர் வந்தார் ஒரு நாள். பேசி முடித்து, அக்கரைக்குப் போகும் கடைசிப் போட்டைப் பிடிக்கப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். நன்னி அண்ணன் அவருக்கு நன்றி சொல்ல எழுந்தார். தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எப்படி விட்டுப் போவது என்று அந்த மனிதர் மரியாதைக்கு நின்றார். போட்டு போய்விட்டது. மாஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணனோ விருந்தாளியைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், கப்பைக்கிழங்கும் மீன்கறியும் போட்டு, பாய் விரித்துப் படுக்கவைத்து, காலையில் படகுத்துறை வரை வந்து வழியனுப்பினார். அடுத்த சனிக்கிழமை நன்றியுரையில் என்ன சொன்னார் தெரியுமா? "போன வாரம் நிக்காமப் போன அந்த போட்டுக்கும் நன்றி. அது நின்னிருந்தா எழுத்தாளர் எங்க வீட்டுல சாப்பிட்டிருக்க மாட்டார்."

அன்றைக்குத்தான் மாஷ் சட்டம் போட்டார். நன்றியுரை ஒரு நிமிடம். முடிந்தால் மணி அடிக்கும். அண்ணன் ஒத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் ஒரு நிமிடம் ஆனதும் மாஷ் மணியை அடித்தார். "நல்ல மணி. சத்தம் நல்லாருக்கு. இதை வாங்கிட்டு வந்த மாஷுக்கு நன்றி" என்று அண்ணன் தொடர்ந்தார்.

இதற்கிடையில் எங்களுக்கு ஒரு கஷ்டம் வந்தது. சனிக்கிழமை சாயங்கால ஹாலை வேலைத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒருவர் வாடகைக்குக் கேட்டார். வாசகசாலைக் கமிட்டியில் பலருக்கு அதில் விருப்பம். தமிழ்க் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை, நாற்காலிதான் வருகிறது என்று ஒருவர் சொன்னாராம். மாஷ் எங்களுக்காகச் சண்டை போட்டு ஒரு வாய்ப்பு வாங்கினார். வருகிற சனிக்கிழமை பிரசிடென்ட்டும் கமிட்டிக்காரர்களும் நேரில் வந்து பார்ப்பார்கள். ஹாலில் ஆள் இருந்தால் கூட்டம் தொடரும். இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டியதுதான். பேச்சியம்மா அப்போதுதான் எழுத்துக் கூட்டாமல் தமிழ்நாட்டு பஸ் போர்டு வாசிக்கும் அளவுக்கு வந்திருந்தாள். "நிறுத்திட்டா நான் பாதி எழுத்தோட எங்க போறது?" என்று என் கடைக்கு வந்து கேட்டாள். நான் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டில் கை இரண்டையும் மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வீடு வீடாகப் போய் ஆள் கூப்பிட்டேன். ஹால் நிரம்பியது. திருப்பூணித்துறையிலிருந்து ஒருவர் வந்து பழைய கோயில் உற்சவங்களைப் பற்றி நன்றாகவே பேசினார். பேசிவிட்டு, ஒரு கல்யாணம் இருக்கிறது என்று போயும்விட்டார். கமிட்டிக்காரர்களைக் காணோம். வெளியே மழை. பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை என்று மாஷுக்குப் போன் வந்தது. பாதியில் ஃபேனும் நின்றது. எல்லாரும் அதைத் திட்டிக்கொண்டே வேர்வையைத் துடைத்தார்கள். நிகழ்ச்சியில் மீதி இருந்தது ஒன்றே ஒன்று, நன்றியுரை. அது தொடங்கினால் ஹால் காலியாகிவிடும்.

மாஷ் நன்னி அண்ணனிடம் போனார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"அண்ணா, இன்னிக்கு ஒன்னு நீட்டிச் சொல்லணும்."

"ஒரு நிமிஷம்தானே மாஷே சட்டம்?"

"சட்டமெல்லாம் ஞான் எடுத்தாச்சு."

"மணி?"

மாஷ் மணியை எடுத்துத் தன் ஜிப்பா பைக்குள் போட்டுக்கொண்டார்.

அண்ணன் எழுந்தார். வழக்கம்போல நாற்காலிகள் கிறீச்சிட்டன. பேச்சியம்மாவே வாசல் வரை போய்விட்டாள், பேரன் தனியாக இருக்கிறானாம். அண்ணன் அன்றைக்கு வந்த பேச்சாளரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நேராக வாசலைப் பார்த்தார்.

"பேச்சியம்மா, நீ போறதுக்குள்ள உனக்கு நன்றி சொல்லிர்றேன். மழை பெய்யற அன்னிக்கெல்லாம் நம்ம படியில வழுக்காம இருக்கே, அது தானா நடக்குதுன்னு நாம நெனச்சிட்டிருக்கோம். சாக்கு கொண்டுவந்து விரிக்கிறது இவ."

பேச்சியம்மா ஒரு செருப்பில் கால் நுழைத்தபடி அப்படியே நின்றாள். அவளுக்குப் பின்னால் போகவேண்டியவர்களும் நிற்க வேண்டியதாயிற்று.

"அப்புறம் செல்லப்பன். மேலே ஒழுகுற இடத்துக்குக் கீழ தானாப் போய் உக்காருவான். கேட்டா காத்து வருதும்பான். அங்க ஏது காத்து? நனையறதுக்கு ஒரு ஆள் வேணும்னுதான் உக்காந்திருக்கான்." செல்லப்பன் ஹோட்டலில் பரோட்டா அடிக்கிற ஆள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தது வெளிவந்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"முன் வரிசையில தூங்குற நம்ம முத்தையாவுக்கும் நன்றி. இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூடக் குறட்டை விட்டதில்ல." முத்தையா விழித்து எழுந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டார்.

அதற்குமேல் ஒருவரும் அசையவில்லை. அடுத்து நம்மைத்தான் சொல்வாரோ என்று ஆளாளுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். படியிறங்கிப் போனவர்களுக்கு மேலேயிருந்து தகவல் போனது, பேர் சொல்கிறார்கள் என்று. அவர்கள் திரும்பி ஏறினார்கள். கூடவே பஜாரில் மழைக்கு ஒதுங்கி நின்றவர்களும் என்னவோ ஏதோவென்று ஏறிவந்தார்கள்.

கமிட்டிக்காரர்கள் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது அவர்களுக்கு நிற்கத்தான் இடம் இருந்தது. பிரசிடென்ட் மாஷின் காதில், "இதாரா பிரசங்கிக்குன்னே?" என்று, பேசுகிறவர் யார் எனக் கேட்டார். பிரசங்கம் எப்போதோ முடிந்துவிட்டது, இது நன்றியுரை என்று மாஷ் பெருமையாகச் சொன்னார். பிரசிடென்ட் நம்பவில்லை.

அண்ணன் அவர்களைப் பார்த்துவிட்டார். நான் பயந்தபடியே நடந்தது.

"கமிட்டிக்காரங்க லேட்டா வந்ததுக்கும் நன்றி. நேரத்துக்கு வந்திருந்தா பாதி ஆளைத்தான் பாத்திருப்பீங்க. அந்தப் பாதியும் செருப்பு தேடிட்டிருந்திருக்கும்."

மாஷ் கண்ணை மூடிக்கொண்டார். பிரசிடென்ட் முதலில் வாயைப் பொத்தினார், பிறகு முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, "சனியாழ்ச்ச நிங்ஙள் தன்னே எடுத்தோ" என்றார். சனிக்கிழமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று. பேச்சியம்மா மாட்டியிருந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

இப்போது அண்ணன் மகள் வீட்டோடு திருப்பூணித்துறைக்குப் போய்விட்டார். கூட்டம் நடக்கிறது. பேச்சியம்மா கதை வாசிக்கிறாள், தப்பு வந்தால் தானே திருத்திக்கொள்கிறாள். நன்றியுரை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. சாயா சூடாக வருகிறது. அதைக் குடிக்கும்போதெல்லாம் ஏதோ குறைகிறது.

அந்தச் சாயங்காலம், காரியம் ஜெயித்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. மழைக்கு, பாலத்துக்கு, நகராத வண்டிகளுக்கு, கடைசியாக அந்த ஃபேனுக்கு. "கேட்டோ" என்று அவர் மூச்சு வாங்கின இடைவெளியில் நான் எழுந்துவிட்டேன்.

"இத்தனை பேருக்கும் நன்றி சொன்னவருக்கு ஒருத்தரும் சொல்லல. நான் சொல்றேன்" என்றேன்.

அண்ணன் திரும்பித் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். அங்கே புத்தக அலமாரிதான் இருந்தது.

"உங்களுக்குத்தான் அண்ணே."

அவர் மைக்கை என் கையில் வைத்துவிட்டு, எங்கள் ஊர் வழக்கப்படி, நேராக வாசலுக்குப் போய்க் குனிந்து செருப்பைத் தேடத் தொடங்கினார். அது அவர் கால் பக்கத்திலேயே கிடந்தது. நான் சொல்லி முடிக்கும் வரை நிமிராமல் தேடிக்கொண்டே இருந்தார்.