பாட்டிலில் முளைத்த ஆடாதோடை

மலாயா விடுதலை பெற்று ஐந்தாண்டு ஆன பிறகும், காஜா பேராங் ஊரில் தன் வீட்டுக் கொல்லை மட்டும் மனைவியின் ஆட்சியில் கிடக்கிறதே என்று கருணாகரனுக்கு ரத்தம் கொதித்தது. மீட்டே தீருவதென்று சபதம் எடுத்தான். நான் கேட்கிறேன், அந்தக் கொல்லையைக் கொத்தியது யார்? தண்ணீர் சுமந்தது யார்? கமலவேணி! அதைப் பற்றி விடுதலை வீரர் வாயே திறக்கவில்லை.

கொல்லை முழுக்க ஆடாதோடை. தெருவில் யார் இருமினாலும் அவள்தான் இலை பறித்துக் கொடுப்பாள். கருணாகரன் கண்ணுக்கோ அங்கே இலை தெரியவில்லை. பூப்பந்து மைதானம் தெரிந்தது.

அவனுக்குப் பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் வேலை. அங்கே வந்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைப் படித்துவிட்டுப் பறந்து வந்தான்.

"வேணி, இனிமே செடிக்கு மண்ணே வேணாம்!"

"உங்களுக்குச் சோறும் வேணாமா?"

"தண்டுல ஒரு துண்டு போதும். தேங்காத்தண்ணி, சீனி, அகர் அகர். பாட்டில்ல போட்டு மூடி வச்சா முழுச்செடியே வந்துரும். உன் கொல்லை மொத்தமும் ஒரு அலமாரியில அடங்கிடும்."

"தீபாவளிக்கு நான் செஞ்ச அகர் அகர் பல்லுல ஒட்டுதுன்னீங்க. செடிக்கு மட்டும் இனிக்குமாக்கும்?"

"இது விஞ்ஞானம்!"

"சரி, வந்துட்டா?"

"கொல்லை எனக்கு. வரலேன்னா, ஆயுசுக்கும் நான் பூப்பந்து ராக்கெட்டைத் தொடமாட்டேன்."

பக்கத்து வீட்டு முத்தையா சாட்சி. வலை வாங்கித் தருவதாகவும் சொல்லியிருந்தார்.

நாற்பத்தெட்டு ஜாம் பாட்டில்கள் இட்டலிப் பானையில் வெந்தன. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைச் செருகினான். வீட்டில் யாரும் தும்மக்கூடாது என்று சட்டம்.

ஐந்தாம் நாள் எட்டிப் பார்த்தான். நாற்பத்தெட்டிலும் பூஞ்சணம். பூனைக்குட்டி படுத்திருப்பதுபோல மொசுமொசுவென்று! பாட்டில்கள் மேல் துணியைப் போர்த்திவிட்டு, "விஞ்ஞானத்துக்குப் பொறுமை வேணும்" என்று சொல்லிவிட்டு, மூன்று வாரப் பயிற்சிக்குக் கோலாலம்பூர் போய்விட்டான்.

திரும்பி வந்ததும் துணியை விலக்கினான். நாற்பத்தெட்டும் பச்சைப் பசேல்! வேரும் விட்டிருந்தது.

"முத்தையாண்ணே! ஓடி வாங்க!"

அன்றே தலைமை ஆசிரியரிடம் ஓடினான். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக அவர் வாக்குக் கொடுத்தார்.

"தோத்துட்டேங்க," என்றாள் கமலவேணி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "கொல்லை உங்களுதுதான். ஆமா, இதுங்க பாட்டில்ல எத்தனை நாள் இருக்கும்?"

பத்திரிகையைப் புரட்டினான். "வேர் விட்டதும்... மண்ணுக்கு மாத்தணும்."

"மண்ணே வேணாம்னீங்களே?"

"கொஞ்சூண்டு மண்ணு."

"ஆடாதோடை ஆள் உசரம் வளருமே. நாப்பத்தெட்டுக்கு உங்க கொல்லை பத்துமா? முன்வாசலையும் சேர்த்துக் கொத்திடுங்க."

"நட்டுத்தான் ஆகணும் தம்பி," என்றார் முத்தையா. "தலைமை ஆசிரியர் வர்றாரே, வாடவிட்டா மரியாதையா?"

கருணாகரன் ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். பூஞ்சணத்தின் சுவடே இல்லை. தண்டின் அடி, அரிவாள்மனையில் சாய்த்து நறுக்கியதுபோல இருந்தது. வேரில் கொல்லைச் செம்மண் ஒட்டியிருந்தது. இன்னொன்றை எடுத்தான். அதிலும் செம்மண்.

புரிந்துவிட்டது. அவன் இல்லாத மூன்று வாரத்தில் பாட்டில்களைக் கழுவி, தன் செடியிலேயே கிளை நறுக்கி, மண்ணில் வேர்விட வைத்துச் செருகியிருக்கிறாள்!

கத்துவதற்கு வாயைத் திறந்தான். இது உன் செடி என்று கத்தினால் பந்தயம் போச்சு. ராக்கெட்டைத் தொட முடியாது. கத்தாவிட்டால் மைதானம் போச்சு.

"என்னங்க, ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல வேணி," என்றான் கருணாகரன். "மண்வெட்டி எங்க இருக்குன்னு கேக்க வந்தேன்."