சங்கத்தின் பன்னிரண்டாவது பயன்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். கடிதத்தின் தலையில் எல்லாரும் எழுதுகிற நலச் செய்திதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதே. இந்தக் கடைவீதியில் புதன்கிழமை மதியம் வரை இதற்கு நேர்மாறான கருத்து நிலவியது. உன் அக்கா சௌக்கியம். நீயும் உன் புதுச் செருப்புக் கடையும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

உங்கள் ஊர் வணிகர் சங்கத்தில் உன்னைச் சேரச் சொல்லி நச்சரிப்பதாகவும், இங்கே ஆறு மாதமாக உறுப்பினராக இருக்கிற நான் அதனால் கண்ட பயன் என்ன என்றும் கேட்டிருந்தாய். பயன் உண்டு, மொத்தம் பன்னிரண்டு. அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டாவது பயனை அனுபவித்துவிட்டு வீடு திரும்பிய ஒரே உறுப்பினர் நான்தான் என்பதால், இதைப்பற்றி என்னைவிட விவரமாகச் சொல்லக்கூடிய ஆள் உனக்குக் கிடைக்கமாட்டான்.

எங்கள் சங்கத்தின் செயலாளர் நாற்காலி, மேசை விற்பவர். குழாயில் தண்ணீர் சொட்டினால் சுற்றறிக்கை விடுவார், சொட்டுவது நின்றால் அதற்கும் ஒன்று விடுவார், ஆகவே அவருக்குச் சுற்றறிக்கை என்றே பெயர். ஆறு மாதத்துக்கு முன் என் பூட்டுக் கடைக்கு வந்து எதிரே உட்கார்ந்துகொண்டார். நான் பயந்த சுபாவம் என்பது உனக்குத் தெரியும். சேர்ந்தால் என்ன ஆகுமோ என்று ஒரு பயம், சேராவிட்டால் என்ன ஆகுமோ என்று இன்னொரு பயம். இரண்டாவது பயம் கையில் பேனாவோடு கண்ணெதிரே உட்கார்ந்திருந்ததால் அதற்கே பணிந்து கையெழுத்துப் போட்டேன். இரண்டு புகைப்படம் கேட்டார். "ஒண்ணு உறுப்பினர் அட்டைக்கு," என்றார். "இன்னொண்ணு எதுக்குங்க?" என்றேன். "இருக்கட்டும், பின்னாடி தேவைப்படும்," என்று அதைத் தனியாக ஓர் உறையில் போட்டுக்கொண்டார். அந்தப் 'பின்னாடி' எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

முதல் பயன், வணிகர் கையேட்டில் நம் பெயரும் முகவரியும் வருவது. ஊரில் உள்ள பூட்டையெல்லாம் யார் விற்றது என்று திருடர்களுக்குத் தெரிய ஒரு புத்தகம் போட்டது போல் ஆயிற்றே என்று எனக்குப் பயம். இரண்டாவது பயன், மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று தொழிலைப்பற்றி இரண்டு நிமிடம் பேசுவது. நாற்பது பேர் முன்னால் நின்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "இந்த வீதியில உங்க எல்லார் கடைப் பூட்டும் எனக்குத் தெரியும். சாவி இல்லாமலே எதையும் நான் திறந்துடுவேன்." யாரும் கைதட்டவில்லை. மறுநாள் மூன்று கடைகளில் பூட்டு மாற்றினார்கள், அதுவும் வெளியூரிலிருந்து வாங்கி. மூன்றிலிருந்து பதினொன்று வரையுள்ள பயன்களை விட்டுவிடுகிறேன், அவற்றால் உயிருக்கு ஆபத்தில்லை. பன்னிரண்டாவது என்னவென்றால், உறுப்பினர் யாரேனும் மறைந்தால் வீதி முழுவதும் அரை நாள் கடையடைத்து, படம் வைத்து, இரங்கல் கூட்டம் நடத்துவார்கள்.

இங்கே உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், உன் அக்காவுக்குத் தெரியக்கூடாது. கொஞ்ச நாளாக ஏணியில் ஏறி மேல் தட்டுப் பெட்டியை எடுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் யாரோ திருகாணியை முறுக்குவது போல் இருக்கிறது. இரண்டு தடவை பாதி ஏணியில் நின்றுவிட்டேன். மூன்றாவது தடவை கீழே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் தனியாக என்ன செய்வாள், அந்தக் கடையை யார் திறப்பார்கள் என்ற யோசனையிலேயே சாப்பாடு இறங்கவில்லை. அவளிடம் சொன்னால் அவளும் பயந்துவிடுவாள், ஒரு வீட்டில் பயப்படுவதற்கு நான் ஒருவன் போதாதா? பூட்டுத் தொழிற்சாலைக்கு வெளியூர் போவதாகச் சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை மருத்துவமனையில் போய்ப் படுத்தேன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. கடையை ஒரு நாளுக்குமேல் மூடினால் காரணத்தை எழுதிக் கதவில் ஒட்ட வேண்டும் என்று ஏற்கெனவே ஒரு சுற்றறிக்கை உண்டு. பொய் எழுதவும் பயம், மெய் எழுதவும் பயம். ஒரு பூட்டுப் பெட்டியின் மூடியைக் கிழித்து, "கடை உரிமையாளர் சில காலமாகத் தள்ளிப்போட்டு வந்த வேலையாகச் செல்வதால் இரண்டு நாள் விடுமுறை" என்று எழுதினேன். அட்டை குறுகல், என் கை வேறு நடுங்கியது. 'காலமா' என்பதோடு வரி முடிந்து, 'கத் தள்ளிப்போட்டு' அடுத்த வரிக்குப் போய்விட்டது. ஒட்டிவிட்டு ஓடினேன். பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இலவசக் கண் பரிசோதனை முகாம் என்று ஓர் அறிவிப்பை எல்லார் கதவிலும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறார். பசை தெறிக்கும் என்று தம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர் ஒட்டுவார். என் அட்டையின்மேல் கோணலாக ஒட்டியதில் முக்கால்வாசி மறைந்துபோயிற்று. மிச்சம் தெரிந்தது மேல் வரியில் "கடை உரிமையாளர்", கீழே "காலமா".

சுற்றறிக்கை அதைப் படித்திருக்கிறார். எழுத்து நடுங்கியிருக்கிறது, சொல் பாதியில் நிற்கிறது. எழுதியது என் மனைவிதான், துக்கத்தில் "னார்" போடக் கை வரவில்லை என்று அவரே முடிவு கட்டிவிட்டார். என் கைபேசிக்கு அடித்துப் பார்த்தால் அது அணைந்து கிடக்கிறது, நான்தான் நெஞ்சு நிறைய ஒயர்களை ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறேனே. போதாதா? உறையிலிருந்து இரண்டாவது புகைப்படம் வெளியே வந்துவிட்டது.

புதன்கிழமை மதியம் பேருந்தைவிட்டு இறங்கினால் வீதியில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. வரிசையாக இறங்கிக் கிடந்த கதவுகளில் என் பூட்டுகள் தொங்குகின்றன. கலவரமோ, தீ விபத்தோ என்று சுவரோரமாகவே நடந்து என் கடைக்கு வந்தால், அங்கே என் படம், அதைச் சுற்றி மலர்வளையம், கீழே "ஈடு செய்ய முடியாத இழப்பு". மச்சான், சிரிக்காதே. முந்தின நாள் அந்தக் கட்டிலில் கண்ணை மூடினேனே, திறந்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன், பயத்தில் அதுவும் சரியாகக் கிடைக்கவில்லை. பேருந்தில் நடத்துநர் என்னிடம் பயணச்சீட்டுக் கேட்டதை நினைத்துக்கொண்ட பிறகுதான் கொஞ்சம் தைரியம் வந்தது.

சங்கக் கூடம் சுற்றறிக்கையின் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. நேராகப் போய் "நான் சாகவில்லை" என்று சொல்லலாம் என்றால், இத்தனை பேர் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருக்கிறார்கள், கோபித்துக்கொண்டால் என்ன செய்வது? பின்படி வழியாக ஏறிக் கடைசி வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தேன். விற்பனை நாற்காலி, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்லை, மூச்சு விட்டால்கூடச் சரசரக்கிறது. பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து முன்னால் போய்ப் பேச ஆரம்பித்தார்.

"பயந்த மனுஷன்தான். கேலி பண்ணியிருக்கோம். ஆனா சாயங்காலம் நாம எல்லாரும் கடையப் பூட்டிட்டுப் போனப்புறம், இவர் ஒவ்வொரு பூட்டையும் ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவார். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும். ஒரு நாளும் வெளிய சொன்னதில்ல," என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், பூட்டு திறந்துகொண்டால் பழி என் தலையில் விழுமே என்ற பயத்தில்தான் இழுத்துப் பார்ப்பேன். அதைப் போய் அன்பு என்று நினைத்திருக்கிறார்கள். மறுத்துப் பேச நான் உயிரோடு இல்லையே. அடுத்தாற்போல் சுற்றறிக்கை எழுந்து, என் மனைவி தனியாகக் கஷ்டப்படக்கூடாது, கடையை ஆளுக்கு அரை நாள் திறந்து வைத்துக்கொள்வோம் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். திங்கட்கிழமை யார் என்பதில் இரண்டு பேருக்குச் சண்டையே வந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

பிறகு இரண்டு நிமிட மௌனம் என்றார்கள். எல்லாரும் எழுந்தார்கள். உட்கார்ந்தே இருந்தால் மரியாதை தெரியாதவன் என்று நினைப்பார்களே என்று நானும் எழுந்து தலைகுனிந்து எனக்காக நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் நாற்பது முகமும் என் பக்கம் திரும்பியிருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "உக்காருங்க, ரொம்ப நேரம் நிக்கக்கூடாது," என்றார். சுற்றறிக்கைக்கு மட்டும் வேறு கவலை. "தீர்மானம் நிறைவேறிடுச்சே. இனி அடுத்த மாசக் கூட்டத்துலதான் ரத்து பண்ண முடியும்," என்றார். ஆக, அதுவரைக்கும் கூட்டக் குறிப்பேட்டில் நான் காலமானவன்தான். என் முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள், மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வீட்டுக்கு மட்டும் தெரியவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டு வாக்கு வாங்கியிருக்கிறேன்.

இதுதான் சங்கம். ஆகையால் என் யோசனை, சேராதே. எத்தனை நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தாலும் பிடிகொடுக்காதே. சேர்ந்தால் நம் நெஞ்சுவலிகூட நமக்குச் சொந்தமாக இருக்காது. இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் வந்து பரிசோதனை முடிவை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். சாவதுகூட இருக்கட்டும், ஒருதரம் செத்துப் பார்த்தாயிற்று. அந்தக் காகிதத்தை வாங்கத் தனியாகப் போய் நிற்க வேண்டுமே, அதற்குத்தான் தைரியம் வரவில்லை. உன் அக்காவிடம் மூச்சு விட்டுவிடாதே.

உன் வியாபாரம் தழைக்கட்டும், உங்கள் ஊர்க் குழந்தைகளின் கால்கள் மாதத்துக்கு மாதம் வளரட்டும், நீ எவர் தயவும் தேவைப்படாமல் நீடூழி வாழ்க என்று ஆசீர்வதிக்கும்,

உன் அத்தான்
(கூட்டக் குறிப்பேட்டின்படி, மறைந்த)

பி.கு.: தம்பி, இதை எழுதுவது அக்கா. உறையின் பசையை நாக்கில் தொட்டால் நோய் வரும் என்று பயந்து, ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடமே கொடுத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். படித்துவிட்டேன். எனக்கு எல்லாம் தெரியும். போன வாரம் துவைக்கப் போட்ட சட்டைப்பையில் மருத்துவமனைச் சீட்டு இருந்தது. அவராகச் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை காலையில் செயலாளர் மலர்வளையத்தோடு வீட்டுக்கு வந்து நின்றபோது, மருத்துவமனையில் விசாரித்துவிட்டேன், அவர் நன்றாக இருக்கிறார், மதியப் பேருந்தில் வருவார் என்று நான்தான் சொன்னேன். பாவம், அந்த மனிதர் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். கூட்டத்தை ரத்து செய்யட்டுமா என்று கேட்டார். கடையெல்லாம் அடைத்தாயிற்று, பேச வேண்டியதை அவர் காதில் விழுகிற மாதிரி பேசிவிடுங்கள் என்றேன். கடைசி வரிசையில் அந்த நாற்காலியைக் காலியாக வைத்திருந்தது அவருக்காகத்தான். கடை வாசலில் இருந்த படத்தை எடுக்கச் சொல்ல மட்டும் மறந்துவிட்டேன், அது என் தப்பு.

இதை மருத்துவமனையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். முடிவை நான் முன்னதாகவே வந்து வாங்கிவிட்டேன். இரண்டு இடத்தில் அடைப்பு இருக்கிறதாம், திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. நல்லபடியாக ஆகிவிடும் என்று மருத்துவர் சொல்கிறார். சாயங்காலம் உன் அத்தானிடம் சொல்லும்போது செயலாளரும் கண்ணாடிக் கடைக்காரரும் கூட இருக்க வருகிறார்கள். அவருக்காக மட்டும் கூப்பிடவில்லை. எனக்கும் ரொம்பப் பயமாக இருக்கிறது, அதை அவர் முன்னால் காட்ட முடியாது.

தபால் தாமதமாகும் என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும். நீ ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு. கடையை விட்டுவிட்டு எப்படி வருவது என்று எழுதாதே. இதைப் படித்ததும் போய் உங்கள் ஊர்ச் சங்கத்தில் சேர்ந்து, சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டு வா.