ஆராய்ச்சிக்காரர் வீட்டுச் சிவப்புக் கார்

சாமான் வாங்குகிறவர்களை உங்களுக்குத் தெரியும். வாங்க வழியில்லாமல் பார்த்துவிட்டு நடக்கிறவர்களையும் தெரியும். மூன்றாவதாக ஒரு சாதி இருக்கிறது, அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்: ஆராயாமல் எதையும் வாங்கப்படாது என்கிற சாதி. கையில் வசதி இருக்கும், கடை கூப்பிடு தூரத்தில் இருக்கும், தேவை கழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஆனாலும் வாங்க மாட்டார்கள். ஒரு குடை வாங்கப் போனால் கம்பியின் தடிப்பையும் சீலையின் நெசவையும் பிடியின் வளைவையும் விசாரித்து, கடைக்காரனுக்குத் தலையிடி வருமட்டும் விசாரித்து, வெறுங்கையோடு நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்து, "நல்ல காலம், அவசரப்பட்டு வாங்கியிருந்தா ஏமாந்திருப்பன்" என்று தலை துவட்டுவார்கள். இதில் பெருமை வேறு!

மட்டக்களப்பில் இந்தச் சாதிக்கு நைஜல் தலைவர். பறங்கி வீட்டு மனிதர், போர்த்துக்கேயர் வழிவந்த கிறிஸ்தவர், உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர், கோயிலுக்குத் தவறாதவர், குடிக்கிறதும் அளவோடுதான். இப்படி ஒரு குறையும் சொல்ல முடியாத ஆளோடு முப்பது வருசம் குடும்பம் நடத்திய பிறெண்டாவைக் கேட்டுப் பாருங்கள். பெருமூச்சுத்தான் வரும்.

சுனாமி வந்த காலையை எடுத்துக்கொள்ளுங்கள். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, மறுநாள். கடலோரத்து டச்பார் பக்கம் இருந்த அவர்கள் வீட்டு வாசலால் சனம் "கடல் வருது, கடல் வருது" என்று கத்திக்கொண்டு ஓடுகிறது. பின்னால் கடல் இரைகிற சத்தம் கேட்கிறது. நைஜல் படியில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்.

"பிறெண்டா, பாலத்தடிக்கு ஓடுறது நல்லமா, கோயிலடிக்கு ஓடுறது நல்லமா? ஒருக்கா ஆராய்வம்."

பிறெண்டா ஆராயவில்லை. புருசனின் சேட்டுக் கொலரில் எட்டிப் பிடித்து, ஒரே இழுவையாகப் பாலத்தடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். கொலர் கிழிந்தது, உயிர் தப்பியது. பிறகு அகதி முகாமில் அந்தக் கிழிந்த கொலரோடு நின்றுகொண்டு நைஜல் எல்லாருக்கும் சொன்னது என்ன தெரியுமா? "பாலத்தடிதான் சரி எண்டு நானும் முடிவெடுக்கப் போனன், அதுக்குள்ள இவ இழுத்துப்போட்டா."

அதே காலையில் வடக்கே கல்குடாக் கரையில் பிறெண்டாவின் தங்கை மேர்லினைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. கல்லறை இல்லை, மெழுகுதிரி கொளுத்த ஓர் இடமில்லை. அந்தக் கரையில் ஒருதரம் நின்று, கையால் ஒரு பிடி பூ போட்டால்தான் நெஞ்சு ஆறும் என்று பிறெண்டாவுக்கு இருந்தது. ஆனால் பிறகு சண்டை மூண்டது. சோதனைச்சாவடி, ஊரடங்கு, இடம்பெயர்வு என்று ஒன்று மாறி ஒன்று வந்தது. பாதை திறந்த காலங்களில் நைஜல் "நிலைமைய ஆராய்வம்" என்று கதவைச் சாத்தினார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை முடிந்தது. அந்த வருசம்தான் நைஜல் வீட்டுக்குச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தது. இரண்டே இரண்டு ஆசனம், நிலத்தோடு ஒட்டிய உடம்பு. நைஜல் எப்படிக் கார் வாங்கினார் என்று கேட்கிறீர்களா? அவராவது வாங்குகிறதாவது! கொழும்பில் இருந்த தம்பி றயன் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது, காரை ஓட்டி வந்து, திறப்பை அண்ணனின் கையில் வைத்து அமத்திவிட்டுப் போய்விட்டான்.

அன்றைக்கு நைஜலுக்கும் மனம் இளகிவிட்டது. "பிறெண்டா, இந்தக் காரில முதல் பயணம் கல்குடாவுக்கு. மேர்லின்ர அஞ்சாம் வருசத்துக்கு நான் உன்ன கூட்டிப் போறன்" என்றார். அன்றிரவு பிறெண்டா சந்தோசத்தில் அழுதாள். பாவம், நம்பிவிட்டாள்.

நான்கு நாள் நகரத்துக்குள் சுற்றினார்கள். ஐந்தாம் நாள் ஸ்டியரிங்குக்குப் பின்னால், எஞ்சின் படம் போட்ட சின்ன மஞ்சள் விளக்கொன்று எரிந்தது.

"கார் ஓடுதா?" என்று பிறெண்டா கேட்டாள்.

"ஓடுது."

"பிறேக் பிடிக்குதா?"

"பிடிக்குது."

"அப்ப என்ன?"

"லைட் எரியுதெல்லோ!"

விளக்கு எரிகிற காரணத்தைக் காரே ஓர் இலக்கமாகத் தன் நினைவில் எழுதி வைத்திருக்குமாம். கோட் றீடர் என்கிற சின்னக் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் அந்த இலக்கத்தை வாசித்துச் சொல்லுமாம். கராஜ் வைத்திருக்கிற ஹமீட் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார். "சேர், என்னட்ட ஒண்டு இரிக்கி. காரக் கொண்டுவாங்க, ரெண்டு நிமிசத்தில பாத்துருவம்."

நைஜல் முகத்தைச் சுளித்தார். "அது கண்ட கண்ட காருக்குப் போதும் ஹமீட். இது ஸ்போர்ட்ஸ் கார். இதின்ர வருத்தத்த என்ர வீட்டில வச்சி, என்ர கையால, சரியான கருவியால வாசிக்கோணும். ஒருக்கா ஆராய்வம்."

ஆராய்ச்சி தொடங்கியது. காலைச் சாப்பாடு முடிந்ததும் இன்ரநெற் கடைக்குப் போய்விடுவார். இலக்கத்தை மட்டும் சொல்லுகிற கருவி, இலக்கத்தோடு விளக்கமும் சொல்லுகிற கருவி, பிறேக்கின் குறையையும் சேர்த்துச் சொல்லுகிற கருவி, கறுப்பு வெள்ளைத் திரை, கலர்த் திரை, நீள வயர், குட்டை வயர், வயரே இல்லாதது! ஒன்று பிடித்துப்போனால் அதைத் திட்டி எவனோ அமெரிக்காவில் இருந்து எழுதியிருப்பான். அதோடு அது செத்தது. அந்த அமெரிக்காக்காரனின் காரும் வேறு, ஊரும் வேறு, ஆனாலும் என்ன, எழுதிவிட்டானே! ஆவணி போய், புரட்டாதி போய், ஐப்பசி மழையும் வந்துவிட்டது. காருக்கு மேல் தறப்பாள் ஏறியது. பிறெண்டா கேட்டால், "கடைசி ரெண்டுக்குள்ள கொண்டுவந்திட்டன்" என்பார். அடுத்த கிழமை அந்த இரண்டு ஐந்தாகக் குட்டி போட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சடங்கு. கோயில் முடிந்து யாராவது வீட்டுக்கு வந்தால், கேக் துண்டு வாய்க்குள் போகும் முன்னமே வெளியே அழைத்துப் போவார். தறப்பாளை விலக்கி, உள்ளே சரிந்து இருந்து, திறப்பைத் திருப்புவார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ண மாட்டார், ஆராயாமல் ஸ்டார்ட் பண்ணலாமா? மஞ்சள் விளக்கு எரியும். "பாத்தீங்களா? எரியுது!" பிறகு அந்த விளக்கை எரியவிட்டபடியே கருவி வகைகளைப் பற்றி ஒரு பிரசங்கம். பாதிரியார்கூடத் தன் பிரசங்கத்தை இவ்வளவு நேரம் இழுத்ததில்லை. நத்தார் நெருங்க நெருங்க விருந்தாளிகள் கூடினார்கள், காட்சியும் கூடியது. விளக்கில் குற்றம் பார்க்கப் போய், விளக்குக்கே பூசை நடத்தினார் மனிதர்.

அண்ணனின் தொலைபேசிக் கரைச்சல் தாங்காமல் றயன் தானே ஒரு கோட் றீடரை வாங்கிப் பார்சலில் அனுப்பிவிட்டான். நத்தாருக்கு முதல்நாள் வந்து சேர்ந்தது. "அப்பாடா" என்றாள் பிறெண்டா. நைஜல் பெட்டியைத் தொடவில்லை.

"பிரிச்சா பிறகு மாத்த ஏலாது. இவன் ஆராயாம வாங்கியிரிக்கான்."

மார்கழி இருபத்தாறு. கல்குடாக் கரையில் ஒன்பது மணிக்கு, கடல் கொண்டுபோனவர்களுக்காக வழிபாடு. பிறெண்டா வெள்ளைச் சட்டை போட்டு, பூக்கூடையோடு காருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "நைஜல், இண்டைக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டு நைஜலே பயந்துபோனார். ஓடிப்போய்ப் பெட்டியைப் பிரித்து, விளக்கப் புத்தகத்தை முதற்பக்கத்தில் இருந்து வாசித்து, ஒருவழியாகக் கருவியைச் செருகித் திறப்பைத் திருப்பினார்.

மஞ்சள் விளக்கு எரியவில்லை.

"பிறெண்டா! லைட் போயிட்டு! கார் சுகமாயிட்டு!" என்று துள்ளினார்.

"அப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

திருப்பினார். சத்தமில்லை. திரும்பவும் திருப்பினார். ஒரு முனகல்கூட இல்லை. கருவியின் திரையும் கன்னங்கரேல் என்று கிடந்தது. அதுவும் காரின் பற்றரியில்தானே உயிர் வாழ வேண்டும்? பற்றரியைத்தான் ஞாயிறு ஞாயிறாக விளக்குக் காட்டியே மனிதர் தின்று முடித்துவிட்டாரே!

"ஹமீட்டக் கூப்பிடுங்க. தன்ர பற்றரியில இருந்து வயர் கொழுவி ஸ்டார்ட் பண்ணித் தருவார்" என்றாள் பிறெண்டா.

"கண்ட வயரையும் கொழுவப்படாது. புதுப் பற்றரி எடுக்கோணும். அதில எத்தின வகை இரிக்கி தெரியுமா? ஒருக்கா..."

அந்தச் சொல் முடியுமட்டும் பிறெண்டா நிற்கவில்லை. வாசற் படலையைத் திறந்து பஸ் நிலையத்துக்கு நடந்தாள். கோபத்தில் கண் தெரியவில்லை. இவ்வளவு காலமும் இந்த மனிதனின் வாக்கை நம்பிக் காத்திருந்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

அவள் கல்குடாவுக்குப் போய்ச் சேரும்போது வழிபாடு முடிந்துவிட்டது. சனம் கலைந்து போய்க்கொண்டிருந்தது. மணலில் மெழுகுதிரிகள் அடி வரை எரிந்து கிடந்தன. முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள். "பிந்திட்டன் மேர்லின். கோவிக்காத தங்கச்சி" என்று சத்தமாகச் சொல்லி, ஒரு பிடி பூவை விட்டாள். ஐந்து வருசமாக அடக்கிய அழுகை அப்போதுதான் வந்தது.

கைப்பையில் தொலைபேசி அடித்தது.

"பிறெண்டா, வாற வழியில வாழைச்சேனையில பற்றரிக் கடை இரிக்கும். வாங்கிராத. என்னென்ன வகை இரிக்கெண்டு மட்டும் பாத்திட்டு வா."

பிறெண்டா ஈரக் கையால் தொலைபேசியைக் காதோடு அமத்தினாள். பிறகு சொன்னாள்: "நைஜல், அண்டைக்கு உங்கட கொலரில பிடிச்ச கை இது. மேர்லினுக்கு ஒரு பிடி பூப் போட உங்களால இந்தக் கைக்கு அஞ்சு வருசம் போயிட்டு. இனிக் கடல் வந்தா நீங்களே ஆராய்ஞ்சி ஓடுங்க."

தொலைபேசியை நிறுத்திவிட்டு, கூடையில் மிச்சம் இருந்த பூவையும் எடுத்தாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதை வாசிப்பதா, வேறு எதையாவது வாசிப்பதா என்று நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுத்தானே நீங்களும் வந்தீர்கள்? உங்கள் வீட்டிலும் பிரிக்காத பெட்டி ஒன்று அலுமாரிக்கு மேல் இருக்கும். அது கிடக்கட்டும். "இந்த வருசம் கட்டாயம் கூட்டிப் போறன்" என்று நீங்கள் வாக்குக் கொடுத்த ஒருவர், உடுத்து வெளிக்கிட்டு வாசலில் நின்றாரே, இன்னும் நிற்கிறாரா என்று ஒருதரம் எட்டிப் பாருங்கள். ஆராய வேண்டாம், எழும்பிப் போய்ப் பாருங்கள்.